மேடையும் வகுப்பும்: ஜாஸ் சாக்ஸபோன் கற்கும் இளைஞர்களின் கேள்விகள்

ஜாஸ் சாக்ஸபோனைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைக்கும் இளைஞர்களும், அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பொதுவாகச் சொல்லும் அறிவுரை மனதில் நிற்காது. அதனால் சிலி நாட்டில் பிறந்து நியூயார்க்கில் பெயர் வாங்கிய டெனார் சாக்ஸபோன் கலைஞர் மெலிசா அல்டானாவின் வழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். தேவைப்படும் இடத்தில் மற்றவர்களும் வருவார்கள்.

மெலிசா அல்டானா யார்? ஏன் அவர்?

1988-ல் சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் பிறந்தவர். தாத்தா என்ரிக்கே அல்டானாவும் அப்பா மார்கோஸ் அல்டானாவும் சாக்ஸபோன் கலைஞர்கள். ஆறு வயதில் அப்பாவிடம் ஆல்டோ சாக்ஸபோனில் (டெனாரைவிடச் சிறியது, ஒலி உயர்ந்தது) பாடம் தொடங்கினார். பிறகு டெனார் மேதை சானி ராலின்ஸின் வாசிப்பைக் கேட்டு டெனாருக்கு மாறினார். கையில் எடுத்தது தாத்தா வைத்திருந்த செல்மர் நிறுவன டெனார். பதின்பருவத்திலேயே சாந்தியாகோவின் ஜாஸ் கிளப்புகளில் வாசித்தார். பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்து 2009-ல் பட்டம் வாங்கி, நியூயார்க் போனார். 2013-ல் தெலோனியஸ் மங்க் சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு. 2022-ல் ப்ளூ நோட் இசைப்பதிவு நிறுவனத்துக்காக முதல் ஆல்பம். பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் பாடமும் சொல்லித்தருகிறார்.

நான் அவரைத் தேர்ந்தெடுத்த காரணம் பரிசு அல்ல. வீட்டில் ஒரு ஆசிரியரிடம் தொடங்கி, ஊர் ஊராக ஆசிரியர்களைத் தேடிப் போய், கடைசியில் தானும் ஆசிரியராக உட்கார்ந்த முழு வட்டம் அவருடைய கதையில் தெளிவாகத் தெரிகிறது.

ஆறு வயதில் தொடங்காவிட்டால் காலம் கடந்துவிட்டதா?

இல்லவே இல்லை. டெனார் மேதை வெய்ன் ஷார்ட்டர் 16 வயதை ஒட்டித்தான் கிளாரினெட்டைக் கையில் எடுத்தார். சாக்ஸபோன் அதற்கும் பிறகு. இன்று உலகம் முழுவதும் டெனார் வாசிப்பவர்கள் அவரைப் படிக்காமல் நகர முடியாது.

சின்னக் குழந்தைகளுக்கு உடம்பு சார்ந்த சிக்கல் உண்டு. ஆல்டோ சுமார் இரண்டரை கிலோ எடை. டெனார் அதைவிடக் கனம். பால் பற்கள் விழும் வயதில் மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனையை) மேல் பல்லில் ஊன்றுவது கஷ்டம். பத்து, பன்னிரண்டு வயது நல்ல வயது. அதுவரை பாடட்டும், தாளம் போடட்டும், நிறையக் கேட்கட்டும்.

அவருடைய அப்பா அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மார்கோஸ் அல்டானா மகளை உட்காரவைத்து, ஆல்டோ மேதை சார்லி பார்க்கரின் வாசிப்பை ஒலிப்பதிவிலிருந்து காதால் கேட்டுக் கற்கவைத்தார். ஒரு முழு சோலோவை (தனி வாசிப்பை) அல்ல, ஒரு சொற்றொடர் அளவு. அது அச்சு அசலாகப் பார்க்கரைப் போல ஒலிக்கும்வரை அடுத்ததற்குப் போகக் கூடாது.

சொல்லும்போது எளிதாகத் தெரியும். செய்து பாருங்கள். இரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) நீளமுள்ள ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கருவியைத் தொடாமல் கேளுங்கள். இருபது முறை கேட்டாலும் தப்பில்லை. பிறகு வாயால் பாடுங்கள். பாட வராத ஸ்வரம் காதில் இன்னும் விழவில்லை என்று அர்த்தம். பாட வந்ததும் கருவியில் தேடுங்கள், பாதி வேகத்தில். ஸ்வரங்கள் கிடைத்துவிடும். ஆனாலும் பார்க்கர் போல ஒலிக்காது. அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. அவர் எந்த ஸ்வரத்தை அழுத்துகிறார்? எதை விழுங்கி, விரல் மட்டும் நகர்ந்து, ஒலி பாதியாக வரும்படி வாசிக்கிறார்? நாக்கு ரீடை (மவுத்பீஸில் அதிரும் மெல்லிய நாணல் துண்டை) தொடுவது தாளத்தின் மேலா, அடிக்கு நடுவிலா? மூச்சு எங்கே எடுக்கிறார்? வரி முடியும்போது கடைசி ஸ்வரத்தை நிறுத்துகிறாரா, நழுவவிடுகிறாரா? இவை எதையும் நொட்டேஷன் தாளில் முழுசாக எழுத முடியாது. காதிலிருந்து காதுக்குத்தான் போகும்.

வரி கைக்கு வந்த பிறகு அதையே 12 சுருதிகளிலும் வாசிக்க வேண்டும். சாக்ஸபோனில் சுருதி மாறினால் விரல் அமைப்பு முழுக்க மாறிவிடும். ஒரு சுருதியில் தண்ணீராக ஓடிய வரி இன்னொன்றில் கல்லாக நிற்கும். அந்தக் கல்லைக் கரைக்க ஒரு வாரம் ஆகலாம். ஆகட்டும்.

இது மார்கோஸ் கண்டுபிடித்த முறை இல்லை. பார்க்கரே இப்படித்தான் கற்றார். 1936-ல் கான்சாஸ் சிட்டியின் ரீனோ கிளப்பில் பதின்வயதுப் பையனாக மேடையேறித் தடுமாறியபோது, டிரம்மர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் பக்கம் எறிந்து நிறுத்தச் சொன்ன கதை ஜாஸ் உலகில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் கோடையில் ஓசார்க் மலைப் பகுதியில் ஒரு இசைக்குழுவோடு தங்கியிருந்த பார்க்கர், டெனார் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கூடவே கொண்டுபோய், சோலோ சோலோவாகக் கேட்டு மனப்பாடம் செய்தார். யங்கிடமிருந்து பார்க்கருக்கு வந்தது, பல ஆண்டுகள் கழித்துச் சாந்தியாகோவில் ஒரு வீட்டில் அப்பாவிடமிருந்து மகளுக்குப் போனது. பியானோ கலைஞர் லெனி டிரிஸ்டானோவும் லீ கோனிட்ஸ் போன்ற தன் மாணவர்களை லெஸ்டர் யங்கின் சோலோக்களை வாயால் பாடவைத்த பிறகுதான் வாசிக்க விடுவார்.

இப்படி நகலெடுத்தே பழகினால் சொந்தக் குரல் எப்படி வரும்?

வரும். நகலெடுக்காதவர்களுக்குத்தான் தாமதமாக வருகிறது என்பது நான் கவனித்தது. ஒருவரை மட்டும் நகலெடுத்து அங்கேயே தங்கிவிடுவதுதான் ஆபத்து.

அல்டானா பார்க்கரில் தொடங்கினார், ராலின்ஸிடம் போனார், டெனார் கலைஞர் மார்க் டர்னரின் மென்மையான, உயர்ந்த ஸ்தாயியில் மிதக்கும் ஒலியிடம் போனார். ராலின்ஸ் 1957-ல் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் பியானோ இல்லாமல் பாஸும் டிரம்ஸும் மட்டும் துணையாக வைத்து வாசித்தது பிற்காலத்து டெனார் கலைஞர்களுக்கெல்லாம் ஒரு அளவுகோல். அல்டானாவும் சிலியைச் சேர்ந்த பாஸ் கலைஞர் பாப்லோ மெனாரெஸ், கியூபாவைச் சேர்ந்த டிரம்மர் பிரான்சிஸ்கோ மேலா இருவரோடும் அதே அமைப்பில் குழு நடத்தினார். பியானோ இல்லாதபோது கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) யாரும் வாசித்துக் காட்டமாட்டார்கள். சாக்ஸபோனின் ஒற்றை வரியே அதைக் கேட்பவருக்கு உணர்த்த வேண்டும். ஒளிந்துகொள்ள இடமில்லாத அந்த அமைப்பில் ஒருவருடைய சொந்தக் குரல் தானாக வெளியே வந்தாக வேண்டும்.

தினமும் எத்தனை மணி நேரம் சாதகம்?

மூன்று நான்கு ஆண்டுகள் தினமும் 11 முதல் 15 மணி நேரம் வாசித்ததாகப் பார்க்கர் 1954-ல் ஆல்டோ கலைஞர் பால் டெஸ்மண்டுடன் நடந்த வானொலி உரையாடலில் சொன்னார். அதைக் கேட்டு உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, கவனம் சிதறாத இரண்டு மணி நேரம் போதும். அதில் முதல் இருபது நிமிடம் ஒலிக்கு: ஒரே ஸ்வரத்தை மூச்சு முடியும்வரை அசையாமல் பிடிப்பது, பிறகு கீழ் பி ஃபிளாட்டின் விரல் அமைப்பை மாற்றாமல் தொண்டையையும் நாக்கையும் மட்டும் நகர்த்தி அதன் மேல் ஓவர்டோன்களை (அதே ஸ்வரத்துக்குள் மறைந்திருக்கும் உயர் ஒலிகளை) எழுப்புவது. சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு சாக்ஸபோன் கலைஞரை முதல் ஸ்வரத்திலேயே அடையாளம் கண்டுகொள்கிறோமே, அந்த அடையாளம் இந்த இருபது நிமிடத்தில்தான் உருவாகிறது. மெட்ரோனோமை இரண்டாவது, நான்காவது அடியில் மட்டும் தட்டும்படி வைத்துப் பழகுங்கள். ஜாஸுக்கே உரிய ஸ்விங் என்ற தாள நடை உடம்பில் இறங்கும்.

ஏற்கெனவே பெரும் புகழோடு இருந்த சானி ராலின்ஸ் 1959 முதல் 1961 வரை மேடையை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் போய் நின்று சாதகம் செய்தார். அடுக்ககத்தில் வாசித்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்பதும் அதற்கு ஒரு காரணம். சாதகத்துக்கு இடம் கிடைக்காமல் தவிக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

எந்தக் கருவி வாங்குவது?

தொடக்கத்துக்கு ஆல்டோ. யமஹாவின் மாணவர் மாடல் போதும். பழைய கருவி என்றால் பேட்கள் (துளைகளை மூடும் மெத்தைகள்) காற்றை முழுசாக அடைக்கின்றனவா என்று தெரிந்த ஒருவரிடம் காட்டி வாங்குங்கள். 1954-ல் வெளிவந்த செல்மர் மார்க் 6 பற்றி நிறையக் கேள்விப்படுவீர்கள். அருமையான கருவிதான். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். மிச்சப் பணத்தை நல்ல மவுத்பீஸிலும் ரீடிலும் போடுங்கள். ரீடின் கடினத்தைக் குறிக்கும் எண்ணை இரண்டிலோ இரண்டரையிலோ தொடங்குங்கள். கடினமான ரீட் வாசிப்பது பெருமை இல்லை.

ஆல்டோவில் ஸி வாசித்தால் பியானோவில் ஈ ஃபிளாட் கேட்கும். டெனாரில் ஸி வாசித்தால் பி ஃபிளாட். இதை முதல் வாரமே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஜாம் செஷனில் (ஒத்திகை இல்லாமல் பலர் சேர்ந்து வாசிக்கும் கூடுகையில்) மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

கல்லூரியில் ஜாஸ் படித்தே ஆக வேண்டுமா?

பார்க்கர் படிக்கவில்லை. ஆனால் அன்று கான்சாஸ் சிட்டியில் இரவு முழுக்க ஜாம் நடக்கும் கிளப்புகள் இருந்தன. தெருவே கல்லூரியாக இருந்தது. பெர்க்லியின் முன்னோடிப் பள்ளி 1945-லும், வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் பட்டப்படிப்பு 1947-லும் தொடங்கின. பின்னாளில் பழைய கிளப்புகள் ஒவ்வொன்றாக மூட, மூத்தவர்களும் இளையவர்களும் சந்திக்கும் இடமாகக் கல்லூரிகளே ஆகிவிட்டன.

அல்டானாவுக்கு அந்தக் கதவைத் திறந்தவர் பனாமாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் டானிலோ பெரெஸ். 2005-ல் பனாமா ஜாஸ் விழாவில் வாசிக்க அழைத்தவரும் அவர்தான். பெர்க்லியில் ஜோ லோவானோ, ஜார்ஜ் கார்சோன், கிரெக் ஆஸ்பி போன்றவர்களிடம் கற்றார் அல்டானா. அவருடைய முதல் ஆல்பம் வந்ததே ஆஸ்பியின் இன்னர் சர்க்கிள் நிறுவனத்தில்தான். கல்லூரி தரும் உண்மையான சொத்து இந்த மனிதர்கள்: ஆசிரியர்கள், கூடவே படித்து நாளைக்கு உங்கள் குழுவில் வாசிக்கப்போகும் டிரம்மரும் பாஸ் கலைஞரும்.

உதவித்தொகை கிடைத்தால் போங்கள். கிடைக்காமல், வீட்டை அடமானம் வைத்துப் போகும் நிலை என்றால் வேண்டாம். ஜாஸ் வாசித்து அந்தக் கடனை அடைப்பது மிகவும் கடினம்.

பட்டம் வாங்கிய பிறகு?

ஊர் முக்கியம். பெரும்பாலானவர்களுக்கு அது நியூயார்க். அங்கே கிரீனிச் வில்லேஜில் 1994-ல் திறந்த ஸ்மால்ஸ் போன்ற சின்னக் கிளப்புகளில் நள்ளிரவுக்கு மேல் நடக்கும் ஜாம் செஷன்களில்தான் உங்களை ஆட்கள் கேட்பார்கள். கருவியோடு வரிசையில் காத்திருந்து, இரண்டு கோரஸ் (பாட்டின் ஒரு முழுச் சுற்று ஒரு கோரஸ்) வாசித்து, இறங்கிவிட வேண்டும். ஐந்து கோரஸ் வாசிப்பவரை மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

படிப்பும் நிற்காது. அல்டானா நியூயார்க் போனதும் ஜார்ஜ் கோல்மனிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். 1935-ல் மெம்பிஸில் பிறந்து, 1963, 1964-ல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்தவர் கோல்மன். கையில் பட்டம் இருந்தும் மூத்தவரின் முன்னால் மாணவியாகப் போய் உட்கார்ந்தார் என்பதைக் கவனியுங்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் மாணவர் விசாவில் படித்தவருக்குப் பட்டத்துக்குப் பிறகு சுமார் ஒரு வருடம் தன் துறையில் வேலை செய்ய அனுமதி உண்டு. அதற்குமேல் தங்க, கலைஞர்கள் பெரும்பாலும் ஓ-1 விசாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அதற்குக் கச்சேரி நோட்டீஸ், விமர்சனம், மூத்தவர்களின் பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஆதாரமாகக் கேட்பார்கள். முதல் நாளிலிருந்தே சேர்த்துவையுங்கள்.

போட்டியில் ஜெயித்தால் வாழ்க்கை மாறிவிடுமா?

கதவு திறக்கும். 1987-ல் தொடங்கிய மங்க் போட்டி ஒவ்வொரு முறையும் ஒரு வாத்தியத்துக்கோ வாய்ப்பாட்டுக்கோ நடக்கும்; 2019 முதல் அதற்கு ஹெர்பி ஹான்காக் பெயர். 1991 சாக்ஸபோன் போட்டியில் மார்கோஸ் அல்டானா கலந்துகொண்டார். அந்த வருடம் ஜெயித்தவர் ஜோஷுவா ரெட்மன். 22 ஆண்டுகள் கழித்து மகள் அதே மேடையில் ஏறி முதல் பரிசு வாங்கினார். வாத்தியப் போட்டியில் முதல் பரிசு பெற்ற முதல் பெண் சாக்ஸபோன் கலைஞர் அவர்தான். பரிசு 25,000 டாலர் உதவித்தொகையும் ஒலிப்பதிவு ஒப்பந்தமும். இந்த விவரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அப்பாவின் ஞாபகம்தான் வருகிறது.

போட்டி நடக்காத வருடங்களில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் உங்களைக் கலைஞராக்கும்.

மேடை கிடைக்காதவர்கள்தானே பாடம் சொல்லித்தரப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். ஜாஸ் வரலாறு தெரிந்தால் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

சிகாகோவின் டுசேபிள் உயர்நிலைப் பள்ளியில் கேப்டன் வால்டர் டையட் என்று ஒரு இசை ஆசிரியர் இருந்தார். ஜீன் ஆமன்ஸ், ஜானி கிரிஃபின், வான் ஃபிரீமன், எடி ஹாரிஸ் நான்கு பேரும் அவர் மாணவர்கள். நான்கு டெனார் கலைஞர்கள், நான்கு தனித்த குரல்கள், ஒரே பள்ளி. லாஸ் ஏஞ்சலீஸில் ஆல்மா ஹைட்டவர் என்ற ஆசிரியை தன் உறவுப் பெண்ணான வை ரெட்டை வளர்த்தெடுத்தார். ஆல்டோ கலைஞரான வை ரெட் உலக மேடைகளில் வாசித்துக்கொண்டே பள்ளி ஆசிரியையாகவும் வேலை பார்த்தார். இன்றைய கமாசி வாஷிங்டன் அதே ஊரில் ரெஜி ஆண்ட்ரூஸ் என்ற பள்ளி ஆசிரியர் நடத்திய இளைஞர் குழுவில் வளர்ந்தவர்.

ஜாக்கி மெக்லீன் வாழ்க்கையைப் பாருங்கள். ஹார்லெமில் வளர்ந்தவர். பியானோ கலைஞர் பட் பவல் வீட்டுக்குப் போய்ப் பழகினார். சில இரவுகளில் தனக்குப் பதிலாக மேடையேறப் பார்க்கர் அவரை அனுப்பியதும் உண்டு. 1951-ல் மைல்ஸ் டேவிஸுடன் ஒலிப்பதிவு செய்தபோது வயது 20. பிறகு போதைப் பழக்கம், கைது. கிளப்பில் வாசிக்க அன்று நியூயார்க்கில் போலீஸ் தரும் அனுமதி அட்டை வேண்டும், அது பறிபோனது. 1968-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லித்தரப் போனார். 1970-ல் மனைவி டாலியுடன் சேர்ந்து அதே ஊரில் ஆர்ட்டிஸ்ட்ஸ் கலெக்டிவ் என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார்; தெருவில் திரியக்கூடிய பிள்ளைகளுக்கு இசையும் நடனமும் கற்றுத்தந்தது அது. பல்கலைக்கழகத்தில் அவர் கட்டியெழுப்பிய துறைக்கு 2000-ல் அவர் பெயரையே வைத்தார்கள். மேடையையும் விடவில்லை. மாணவர்களாக இருந்த இளைஞர்களைத் தன் குழுவிலேயே சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக வாசித்தார். மேடையில் தான் பட்ட அடி பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்ற அக்கறை வகுப்பில் இருந்தது. வகுப்பில் தினமும் அடிப்படையைத் தொட்டதால் மேடை வாசிப்பு கூர்மையாகவே இருந்தது. இவற்றில் எதை முதல் வேலை, எதை இரண்டாவது வேலை என்பீர்கள்?

நானே இன்னும் கற்கிறேன். எப்போது பாடம் எடுக்கத் தொடங்கலாம்?

உங்களைவிட மூன்று வருடம் பின்னால் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இன்றே எடுக்கலாம். ஒரே நிபந்தனை, உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

புதிய ஆசிரியர்கள் வகுப்பில் தாங்களே நிறைய வாசித்துக் காட்டுவார்கள். பிள்ளை பிரமித்துப்போய் உட்கார்ந்திருக்கும், எதுவும் கற்காது. நீங்கள் ஒரு வரி, பிள்ளை அதே வரி, மறுபடி நீங்கள், மறுபடி பிள்ளை. ஒலி மெலிந்தால் உடனே உதட்டைத் திருத்தப் போகாதீர்கள். முதலில் ரீட் ஓரம் பிளந்திருக்கிறதா, ஏறுமாறாகப் பொருந்தியிருக்கிறதா, கருவியைத் தாங்கும் பட்டை கழுத்தில் சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிக் குறைகள் அங்கேயே தீரும். தியரியை வாசிப்புக்குப் பின்னால் சொல்லுங்கள். ஒரு வரி கைக்கு வந்த பிறகு, "நீ வாசித்தது டூ-ஃபைவ்-ஒன்" என்று (ஜாஸில் அடிக்கடி வரும் மூன்று கார்டு வரிசை அது) பெயர் சொன்னால் ஜென்மத்துக்கும் மறக்காது.

வீடியோ வழி வகுப்பில் ஒலி தாமதமாகப் போய்ச்சேரும். சேர்ந்து வாசிக்க முடியாது. மாறி மாறி வாசிக்கும் பயிற்சிகளை மட்டும் அதில் வையுங்கள்.

பாடத்திலேயே நேரம் போய்விட்டால் வாசிப்பு தேயாதா?

தேயும், நாள் முழுக்க வகுப்பு வைத்தால். வாரத்தில் சில நாட்களை வகுப்புக்கு ஒதுக்கி, காலைச் சாதகத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இருப்பதே வழி. சுற்றுப்பயணம் போகும் கலைஞர்களைக் கல்லூரிகள் ஆசிரியர்களாக வைத்திருப்பதற்குக் காரணமே அவர்கள் மேடையில் இருக்கிறார்கள் என்பதுதான். ஆல்டோ கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா 2016 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் பிரிவை நடத்துகிறார், கச்சேரிகளையும் நிறுத்தவில்லை.

கர்நாடக இசை தெரிந்த பிள்ளைக்கு ஜாஸ் சுலபமா?

காதும் தாளமும் தயாராக இருக்கும், அது பெரிய பலம். கார்டுகள் மாற மாற வரி மாறுவது புதிதாக இருக்கும். பியானோ கொஞ்சம் கற்றால் உதவும். மகந்தப்பா பெர்க்லியில் படித்தபோது கத்ரி கோபால்நாத்தின் ஒலிப்பதிவு ஒன்றை அவருடைய அண்ணன் கொடுத்தார். மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்து, சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்று, சாக்ஸபோனில் கமகத்தைக் கொண்டுவந்தவர் கத்ரி. பின்னாளில் மகந்தப்பா அவரைத் தேடி வந்து கற்றார்; 2008-ல் இருவரும் சேர்ந்து வாசித்த ஆல்பம் வெளிவந்தது. அமெரிக்கப் பட்டங்களோடு வந்தவர் சென்னைக் கலைஞரிடம் மறுபடி மாணவரானார்.

நாளைக்கே தொடங்க வேண்டும். எதை முதலில் கேட்டு எடுப்பது?

லெஸ்டர் யங். வேகம் குறைந்த ஒரு 12 பார் ப்ளூஸ் (12 பாரில் ஒரு சுற்று முடியும் பாட்டு வடிவம்), அதில் ஒரே ஒரு கோரஸ். ஸ்வரங்கள் குறைவு, இடைவெளி நிறைய. ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று கேட்க முடியும். பாடுங்கள், பிறகு வாசியுங்கள், 12 சுருதிகளிலும். அது முடிந்ததும் பார்க்கரின் ப்ளூஸ் ஒன்று, முதல் நான்கு பார் மட்டும். பதிவு செய்து ஆசிரியரிடம் காட்டுங்கள். ஆசிரியர் இல்லையென்றால் உங்களுக்குக் கீழே படிக்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். எந்த பார் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.